துறுதுறுவுக்கு இங்கிலீஷ் என்ன?

கீழவைப்பாரிலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். மூன்றாம் வகுப்பில் படிக்கும் தம் பையனைப் பற்றிய கடிதம். பையன் தினமும் பஸ் ஏறித் தூத்துக்குடிக்குப் போய் இங்கிலீஷ் பள்ளிக்கூடம் ஒன்றில் படிக்கிறான். எந்தப் பள்ளிக்கூடம் என்று அவர் எழுதவில்லை; எழுதியிருந்தாலும் நான் இங்கே சொல்லப் போவதில்லை.

அரையாண்டுப் பரீட்சை முடிந்து மார்க் அட்டை வந்ததாம். கணக்கில் 88, தமிழில் 81 என்று ஒவ்வொரு வரியாகச் சந்தோஷப்பட்டுக்கொண்டே வந்த அம்மா, கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் திகைத்துப் போய்விட்டார். அங்கே ஆசிரியை சிவப்பு மையில் இரண்டே வார்த்தை எழுதியிருந்தார்: 'ஹைபர்-ஆக்டிவ். ரெஸ்ட்லெஸ்.' அதற்குக் கீழே 'பெற்றோர் குறிப்பு' என்று ஒரு கட்டம், ஒன்றரை அங்குலத்துக்குக் காலியாக இருந்தது.

"ஐயா, இது பாராட்டா, குற்றமா என்றே எனக்குப் புரியவில்லை. என் மாமியார் அவனைத் துடியான பிள்ளை என்று சொல்லி முத்தம் கொடுக்கிறார்கள். என் வீட்டுக்காரர் அறுந்த வாலு என்கிறார். நான் மிட்டாய் கொடுத்துக் கொடுத்துத்தான் பிள்ளை இப்படி ஆடுகிறான் என்று என் நாத்தனார் சொல்கிறார். நானோ துறுதுறுப்பான பையன் என்று நினைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். துறுதுறு என்பதற்கு நல்லதாக ஓர் இங்கிலீஷ் வார்த்தை சொன்னீர்களானால், அந்தக் கட்டத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவேன்" என்கிறார்.

ஒரு வார்த்தை கேட்டிருக்கிறார். கொடுத்துவிட்டால் தீர்ந்தது என்றுதான் நானும் அகராதிகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான், இது ஒன்றரை அங்குலக் கட்டத்தில் அடங்கும் சமாசாரம் அல்ல என்று தெரிந்தது.

கீழவைப்பாரை அறியாத நேயர்களுக்கு ஒரு வார்த்தை. தூத்துக்குடியிலிருந்து வடக்கே வேம்பார் போகும் வழியில், வைப்பாறு கடலோடு கலக்கும் இடத்தில் இருக்கிறது இந்த ஊர். பக்கத்து ஊருக்குச் சிப்பிகுளம் என்று பெயர். பழைய நூல்களில் முத்துக்குளித்துறை என்று வருகிறதே, அந்தக் கடற்கரைதான் இது. தமிழுக்கும் ஐரோப்பிய பாஷைகளுக்கும் நடுவில் வார்த்தை தேடி அலையும் வேலை மும்முரமாகத் தொடங்கியதும் இந்தக் கரையில்தான். ஹென்ரிக் ஹென்ரிக்கஸ் என்ற போர்த்துகீசியப் பாதிரியார் 1540-களில் இங்கே வந்து, மீனவக் குடும்பங்களிடம் தமிழ் கற்றுக்கொண்டு, போர்த்துகீசிய பாஷையில் தமிழுக்கு ஓர் இலக்கணமும் எழுதினார். 1578-இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' அவருடைய மொழிபெயர்ப்புத்தான். நம் சகோதரி இன்று தமிழ் வார்த்தைக்கு இங்கிலீஷ் தேடித் தவிக்கிறார். அந்த மனிதர் போர்த்துகீசிய வார்த்தைகளுக்குத் தமிழ் தேடித் தவித்திருப்பார்.

அவருக்கும் முன்னால், 1542-இல், பிரான்சிஸ் சவேரியார் இந்தக் கரைக்கு வந்தார். அந்த வருஷம் அக்டோபர் மாதம் தூத்துக்குடியிலிருந்து அவர் ரோமாபுரிக்கு எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. இந்த ஊர்ப் பிள்ளைகள் தம்மை ஜபம் பண்ண விடவில்லை, சாப்பிட விடவில்லை, தூங்கவும் விடவில்லை, ஏதாவது கற்றுக்கொடு என்று பிடுங்கி எடுத்துவிட்டார்கள் என்று அதில் சொல்லியிருக்கிறார். குறையாக அல்ல, உருகிப் போய்த்தான் எழுதியிருக்கிறார். சிவப்பு மையும் மார்க் அட்டையும் அவர் கையில் இருக்கவில்லை, பாருங்கள்! நானூற்றெண்பது வருஷம் கழிந்தும் அந்தக் கரைப் பிள்ளைகள் பெரிதாக மாறிவிடவில்லை போலிருக்கிறது.

சரி, அகராதிக்கு வருவோம்.

அளவுக்கு மீறித் துள்ளுகிறவர்களைச் சொல்ல இங்கிலீஷில் வார்த்தைப் பஞ்சமே கிடையாது. ஆனால் ஒவ்வொன்றையும் எடுத்து அது எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், பாதி வார்த்தைகள் குதிரை லாயத்திலிருந்து வந்து நிற்கின்றன. 'கோல்ட்டிஷ்' என்பது ஆண் குதிரைக்குட்டியை வைத்து வந்தது. 'ஸ்கிட்டிஷ்' என்றால் இலை அசைந்தாலும் மிரண்டு துள்ளும் குதிரையின் குணம். உற்சாகம் தாங்காதவனை 'ஃபுல் ஆஃப் பீன்ஸ்' என்பார்கள். குதிரைக்குப் பயறு வைத்துக் கொழுக்க வைத்த காலத்துப் பேச்சு என்று அதற்கு விளக்கம் சொல்கிறார்கள். நம் ஊராயிருந்தால் கொள்ளு என்றிருப்போம். இந்த லாயத்திலேயே விசித்திரமானது 'ரெஸ்டிவ்' என்ற வார்த்தை. இன்று ஓரிடத்தில் நிலைகொள்ளாதவனுக்கு அதைச் சொல்கிறார்கள். ஆதியில் அதற்கு அர்த்தம் நேர் எதிர்: எத்தனை தட்டினாலும் நகராமல் நின்றுகொண்டு அடம் பிடிக்கும் குதிரை! நின்றாலும் குற்றம், ஓடினாலும் குற்றம். வார்த்தை மட்டும் ஒன்றே.

குதிரையைத் தாண்டினால் நாய். 'ஃபைஸ்ட்டி' என்று அமெரிக்காவில் ஆசையாகச் சொல்வார்கள், சின்ன உருவத்தில் பெரிய வீறாப்புக் காட்டுகிறவர்களை. அது ஒரு சிறு ஜாதி நாயின் பெயரிலிருந்து வந்தது. அந்த நாய்க்கு அந்தப் பெயர் ஏன் வந்தது என்ற விவரத்தை இந்தப் பத்திரிகையில் அச்சிட ஆசிரியர் சம்மதிக்க மாட்டார். நாயின் பின்பக்கத்துக் காற்று சம்பந்தப்பட்டது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அடுத்தது ஆஸ்பத்திரி. நாம் சர்வ சாதாரணமாக 'ஹெக்டிக்காக இருந்தது' என்கிறோமே, அந்த 'ஹெக்டிக்' ஒரு காலத்தில் க்ஷயரோகிகளுக்கு விடாமல் காயும் ஜுரத்தின் பெயர். 'ஃப்ரான்டிக்', 'ஃப்ரெனெட்டிக்' இரண்டும் மூளை ஜுரத்துக்குக் கிரேக்க வைத்தியர்கள் வைத்த பெயரின் வழி வந்தவை. 'அமோக்' என்று வெறிகொண்டு ஓடுவதைச் சொல்லும் வார்த்தை மலாய்க்காரருடையது. அதை ஐரோப்பாவுக்கு எழுதி அனுப்பியவர்களில் முந்தியவர் துவார்த்தே பர்போசா என்ற போர்த்துகீசியர். அதே மனிதர் அதே புத்தகத்தில் நம் காயல் துறைமுகத்து முத்துக்குளிப்பைப் பற்றியும் எழுதியிருக்கிறார். கப்பலில் முத்தும் போயிருக்கிறது, வார்த்தையும் போயிருக்கிறது.

தெய்வம் ஏறிய வார்த்தைகளும் உண்டு. தலைகால் தெரியாமல் ஆடுகிறவளை 'கிட்டி' என்பார்கள். அதன் பழைய அர்த்தம், சாமி வந்தவள். 'என்தூஸியாஸம்' என்ற வார்த்தையை இன்று ஒவ்வொரு பள்ளிக்கூட ஆண்டு விழாவிலும் பத்துத் தடவை கேட்கிறோம். கிரேக்கத்தில் அதற்கு அர்த்தம், உள்ளே தெய்வம் புகுந்திருப்பது. டாக்டர் ஜான்ஸன் 1755-இல் அகராதி போட்டபோது அதைத் திட்டாகவே எழுதி வைத்தார்; கடவுள் தன்னிடம் தனியாகப் பேசுகிறார் என்று நினைத்துக்கொள்கிறவனின் வீண் பிரமை என்ற பொருளில். அவர் காலத்தில் மார்க் அட்டையில் அந்த வார்த்தை வந்திருந்தால் எந்தத் தாயாரும் அழுதிருப்பார்!

இந்த இடத்தில் நம் சகோதரியின் மாமியார் நினைவுக்கு வருகிறார். 'துடியான பிள்ளை' என்றாரே? தென்பாண்டிச் சீமையில் துடியான தெய்வம் என்பார்கள். கூப்பிட்ட குரலுக்கு வருகிற, தப்புச் செய்தால் உடனே தண்டிக்கிற, சும்மா உட்கார்ந்திராத சாமி. அந்த வார்த்தையைத்தான் பாட்டி பேரனுக்குக் கொடுத்திருக்கிறார். கிரேக்கர்கள் சொன்னதையே கீழவைப்பார்ப் பாட்டியும் சொல்கிறார், முத்தத்தோடு சேர்த்து. 'துடி' என்பது பழந்தமிழரின் பறைகளில் ஒன்றும்கூட. இடுப்பு ஒடுங்கிய சிறு பறை. அதனால்தான் கவிஞர்கள் நாயகியைத் துடியிடை என்றார்கள். அந்த இடையை விட்டுவிடுவோம். அது நம் வீடுகளில் முதல் பிரசவத்தோடு போய்விடுகிறது.

குதிரை, நாய், ஜுரம், சாமி என்று சுற்றிய பிறகு மின்சார காலம் வந்தது. துள்ளுகிறவன் 'லைவ் ஒயர்' ஆனான், 'டைனமோ' ஆனான். கடைசியில் வந்தது இந்த 'ஹைபர்-ஆக்டிவ்'. 'ஹைபர்' என்றால் கிரேக்கத்தில் மேலே, அளவைக் கடந்து என்று அர்த்தம். எந்த அளவைக் கடந்து என்று கேட்டால் அந்த வார்த்தைக்குப் பதில் தெரியாது. நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் அளவு ஒன்று. வைப்பாற்று மணலில் அளவு வேறு.

நல்ல வார்த்தையே இல்லையா என்றால், இருக்கின்றன. இரண்டைச் சொல்கிறேன், இரண்டும் சமையலறைக்குப் பழக்கமானவை. 'எபுல்லியன்ட்' என்றால் ததும்பும் உற்சாகமுள்ளவர். லத்தீனில் அது கொதித்துப் பொங்குவது. 'எக்ஸுபரன்ட்' என்பதன் உள்ளே செழிப்பைக் குறிக்கும் லத்தீன் சொல் இருக்கிறது. அந்தச் சொல்லுக்குப் பசுவின் மடி என்றும் பொருள் உண்டு. அதாவது, மடி கொள்ளாமல் பால் சுரப்பது. பால் சுரந்து, பானையில் பொங்கி வழிந்தால் நம் வீட்டில் என்ன செய்வோம்? அடுப்பைத் துடைக்க வேண்டுமே என்று அலுத்துக்கொள்வது மற்ற நாளில். தை முதல் நாளில் குலவையிட்டுப் பொங்கலோ பொங்கல் என்கிறோம்.

ஆனால் இந்த நல்ல வார்த்தைகளைக் கொடுக்கும்போதும் ஆண் பெண் கணக்குப் பார்க்கிறார்கள் என்பதைப் பெண் குழந்தைகளைப் பெற்றவர்கள் கவனிக்க வேண்டும். 'டாம்பாய்' என்ற வார்த்தை தெரியும் அல்லவா? பதினாறாம் நூற்றாண்டில் அது முரட்டுத்தனமாகக் கூச்சல் போடும் பையனுக்குச் சொன்னது. சில பத்து வருஷங்களுக்குள் நாணமில்லாத ஸ்திரீ என்று அதற்கு அர்த்தம் வந்து, பிறகு பையனைப் போல ஓடியாடும் பெண்ணின் தலையில் போய் உட்கார்ந்துவிட்டது. 'ஹாய்டன்' என்று இன்னொன்று. முதலில் நாகரிகம் தெரியாத பட்டிக்காட்டு ஆணைக் குறித்தது. நூறு வருஷத்துக்குள் ஆர்ப்பாட்டக்காரப் பெண் என்று ஆயிற்று. ஆண்கள் நைஸாக வார்த்தையைக் கழற்றி அக்கா தங்கைக்கு மாட்டிவிட்டார்கள்!

நாம் மட்டும் யோக்கியமா? பையன் துள்ளினால் துடிப்பு. பெண் துள்ளினால் துடுக்கு. இரண்டுக்கும் முதல் எழுத்து ஒன்றுதான், மரியாதை வேறு. இன்னும் கொஞ்சம் துள்ளினால் 'அடங்காப்பிடாரி'. பிடாரி என்பவள் கிராம தேவதை, எல்லையைக் காக்கிறவள். ஊரெல்லாம் கும்பிடுகிற தெய்வத்தின் பெயரை வீட்டுப் பெண்ணைத் திட்ட எடுத்துக்கொண்டோம். பேரனுக்குத் துடியான தெய்வம், பேத்திக்கு அடங்காத பிடாரி! இரண்டும் சாமிதான், ஆனால் பேத்திக்கு முத்தம் கிடைப்பதில்லை.

வீட்டுக்குள் புழங்கும் மற்ற வார்த்தைகளும் சாது அல்ல. 'வீட்டை அமர்க்களப்படுத்துகிறான்' என்கிறோமே; அமர் என்றால் போர், களம் என்றால் களம். 'சேட்டை' என்பது வடமொழியில் வெறும் அசைவு, செயல். பாவம், அசைந்தது தவிர அந்தப் பிள்ளை வேறொன்றும் செய்யவில்லை! ஆனால் மூதேவிக்கும் தமிழில் சேட்டை என்று ஒரு பெயர் உண்டு. திருநெல்வேலிப் பக்கத்தில் பிள்ளைகளை 'மூதி' என்று திட்டுவதைக் கேட்கும்போது எனக்கு இது ஞாபகம் வரும்.

இத்தனைக்கும் நடுவில் சகோதரி சொன்ன 'துறுதுறு' தனியாக நிற்கிறது. இலக்கணத்தில் இதற்கு இரட்டைக்கிளவி என்று பெயர். ஒன்றாகப் பிறந்த இரட்டைப் பிள்ளைகள், பிரித்தால் பொருள் போய்விடும். இந்தக் குடும்பத்தில் எத்தனை பேர் பாருங்கள்! வேலையில் கண்ணாய் இருப்பவர் சுறுசுறு. ரயிலுக்கு நேரமாகிவிட்டவர் பரபர. பயமோ கோபமோ வந்தால் படபட. கரையில் போட்ட மீன் துடிதுடி. கீழவைப்பாரில் இதற்கு விளக்கம் வேண்டாம். சுறுசுறுவுக்கு ஒரு காரியம் வேண்டும், பரபரவுக்கு ஓர் அவசரம் வேண்டும், படபடவுக்குப் பயம் வேண்டும், துடிதுடிக்கு வலி வேண்டும். துறுதுறுவுக்கு ஒன்றும் வேண்டாம். அது முதலில் கண்ணில் தெரியும், பிறகுதான் கை காலுக்கு வரும். காரியமோ பயமோ வலியோ இல்லாமல், உயிரோடு இருக்கிற சந்தோஷத்திலேயே ஓரிடத்தில் நிற்காமலிருப்பது. நான் பார்த்தவரையில் இதற்கு நேரான இங்கிலீஷ் வார்த்தை இல்லை. 'லைவ்லி' கொஞ்சம் கிட்டே வருகிறது. வந்து வாசற்படியில் நின்றுவிடுகிறது.

வார்த்தைக்கு ஏன் இவ்வளவு கவலை என்று சிலர் நினைக்கலாம். இரண்டு சாப்பாட்டுக் காட்சிகளைச் சொல்கிறேன்.

ஜெர்மனியில் பிராங்க்பர்ட் நகரத்து வைத்தியர் ஹைன்ரிஹ் ஹாஃப்மன் தம் மூன்று வயதுப் பிள்ளைக்காக ஒரு படக்கதைப் புத்தகம் தயாரித்தார். 1845-இல் அது அச்சில் வந்து உலகமெல்லாம் பரவிவிட்டது. சீக்கிரமே அதில் சேர்ந்த கதைகளில் ஒன்று, பிலிப் என்ற பையனுடையது. சாப்பாட்டு மேஜையில் அவனால் சும்மா உட்கார முடியாது. நாற்காலியை முன்னும் பின்னும் ஆட்டுவான். அப்பா கண்டிக்கிறார், அம்மா பேசாமல் பார்க்கிறாள். நாற்காலி சரிகிறது, பையன் மேஜை விரிப்பைப் பிடிக்கிறான், சூப்பும் ரொட்டியும் பாத்திரங்களும் அவன் மேலேயே விழுகின்றன. அப்பா அம்மாவுக்கு அன்று சாப்பாடு இல்லை. ஜெர்மன் பாஷையில் நிலைகொள்ளாத பிள்ளைக்கு இன்றும் அந்தப் பிலிப்பின் பெயர்தான்.

இன்னொரு காட்சி, நம் பாண்டிய நாட்டுடையது. முத்து விளைந்த கொற்கை எந்த அரசர்களுக்குச் சொந்தமோ அந்த வம்சத்தைச் சேர்ந்தவன் பாண்டியன் அறிவுடை நம்பி. புறநானூற்றில் 188-ஆம் பாட்டு அவன் பாடியது. அதிலும் ஒரு குழந்தை சாப்பாட்டு இடத்துக்கு வருகிறது. சின்னச் சின்ன அடி வைத்து வந்து, கையை நீட்டி, சோற்றைத் தொட்டுத் துழாவி, தரையில் போட்டு, வாயிலும் கவ்வி, நெய்ச்சோற்றை உடம்பெல்லாம் பூசிக்கொள்கிறது. பலரோடு சேர்ந்து உண்ணும் பெருஞ்செல்வனாகவே இருந்தாலும், இப்படி மயக்குகிற பிள்ளைகள் இல்லையென்றால் வாழ்ந்த நாளுக்குப் பயனில்லை என்று அரசன் முடிக்கிறான்.

இரண்டு வீட்டிலும் சோறு தரையில்தான் கிடக்கிறது. ஒருவர் பெயர் வைத்தார், ஒருவன் பாட்டுப் பாடினான். (பிலிப்புக்கு வயது அதிகம், பாண்டியன் வீட்டுக் குழந்தைக்குக் குறைவு என்று யாராவது சொல்லக் கூடும். ஒப்புக்கொள்கிறேன். அரண்மனையில் தரை துடைக்க ஆள் இருந்தது என்பதையும் சேர்த்து ஒப்புக்கொள்கிறேன்.) நம் பிள்ளைத்தமிழ் நூல்களிலும் இதே கதைதான். சிற்றில் பருவத்தில் தெருப்பெண்கள் கட்டிய மணல் வீட்டைக் காலால் உதைத்துக் கலைக்கிறவன் பாட்டுடைத் தலைவன். சிறுபறைப் பருவத்தில் தெருவே காது பொத்தும்படி பறை கொட்டுகிறவனும் அவனே. சகோதரியின் ஊருக்குத் தெற்கே இருக்கும் திருச்செந்தூர் முருகன் மேல் பகழிக்கூத்தர் பாடிய பிள்ளைத்தமிழில், கடல் கொழிக்கும் முத்து முதல் எல்லா முத்துக்கும் விலை உண்டு, உன் வாய் முத்தத்துக்குத்தான் விலை இல்லை என்று வரும். முத்துக்குளித்துறைக்காரர்களுக்கு விலை தெரியும், பாருங்கள்.

ஆனால் பாட்டுப் பாடியே எல்லாவற்றையும் மழுப்பிவிடக் கூடாது. இதை எழுதும்போது எனக்கு முக்கியமாக உறுத்துகிற விஷயம் இதுதான். துறுதுறுப்பு வேறு, வைத்தியர்கள் ஏ.டி.எச்.டி. என்று சொல்லுகிற நிலைமை வேறு. அதற்கு அமெரிக்க மனநல வைத்தியர்களின் கையேட்டில் 1968-இல் ஒரு பெயர், 1980-இல் ஒரு பெயர் என்று இருந்து, 1987-இல் இந்தப் பெயர் நிலைத்தது. அதைக் கண்டுபிடிக்கக் கண்டிப்பான கணக்குகள் உண்டு. அடையாளங்கள் ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும். பன்னிரண்டு வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் மட்டும் என்றோ, வீட்டில் மட்டும் என்றோ இல்லாமல் இரண்டு இடத்திலாவது தெரிய வேண்டும். படிப்பையும் பழக்கவழக்கத்தையும் அது உண்மையில் கெடுக்க வேண்டும். காது மந்தம், தூக்கக் குறைவு, தைராய்டுக் கோளாறு இவையும் பிள்ளையை ஆட்டி வைக்கலாம் என்பதால் அவற்றையும் பார்ப்பார்கள். இத்தனையும் செய்வது வைத்தியர் வேலை. மார்க் அட்டையில் சிவப்பு மையால் முடிகிற வேலை அல்ல. நாற்பது பேரைக் கட்டி மேய்க்கிற ஆசிரியைமேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் களைத்துப் போய் எழுதிய வார்த்தை அது. ஆனால் வைத்தியர் வீட்டு வார்த்தையை அவர் இரவல் வாங்கிவிட்டார்.

அதே சமயம், 'ஆம்பிளைப் பிள்ளை அப்படித்தான் இருக்கும்' என்று விட்டுவிடுகிற வீடுகளில் உதவி கிடைக்க வேண்டிய பிள்ளை பல வருஷம் அடியும் திட்டும் வாங்கிக்கொண்டிருக்கும். பெண் குழந்தைகளின் கதை இன்னும் பரிதாபம். அவர்களில் பலர் துள்ளுவதே இல்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சத்தமில்லாமல் உட்கார்ந்திருப்பார்கள். கவனம் மட்டும் நிற்காது. சாதுவான பெண், கொஞ்சம் மந்தம் என்று சொல்லிவிடுவார்கள். துள்ளாததனால் யாருக்கும் சந்தேகமே வருவதில்லை.

நாத்தனாருக்கும் ஒரு பதில். மிட்டாயால் பிள்ளைகள் ஆடுவதில்லை. சர்க்கரை கொடுத்தும், சர்க்கரை போல இனிக்கும் வேறொன்றைக் கொடுத்தும், எது எது என்று தாய்மாருக்குச் சொல்லாமல் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். வித்தியாசம் தெரியவில்லை. பல்லுக்காக மிட்டாயைக் குறையுங்கள்; பழியைத் தாய் தலையில் போடாதீர்கள்.

இனி அந்தக் கட்டம். கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் சகோதரி போகிற போக்கில் ஒன்று சொல்லியிருக்கிறார்: தாத்தா வலை பின்னும்போது பையன் அவர் பக்கத்தில் அரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்து ஊசியில் நூல் ஏற்றிக் கொடுப்பானாம். முத்துக்குளித்தவர்களின் வம்சம் அல்லவா! 1961-க்குப் பிறகு இந்தக் கரையில் பெரிய முத்துக்குளிப்பு நடக்கவில்லை. ஆனால் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷத்துக்கு மேல் கடலடியில் வேலை பார்த்தவர்களுக்குத் துடிப்பும் வேண்டியிருந்தது, அசையாத நிதானமும் வேண்டியிருந்தது. பிடித்த வேலையில் உட்காருகிறான் என்பதால் மட்டும் கோளாறு இல்லை என்று சொல்லிவிட முடியாது; அந்தக் கோளாறு உள்ள பிள்ளைகளும் பிடித்த வேலையில் மெய்ம்மறந்து உட்காருவார்கள். ஆனாலும் ஆசிரியைக்குத் தெரிய வேண்டிய சமாசாரம் அது.

ஆகவே சகோதரி, அந்தக் கட்டத்தில் வார்த்தை எழுத வேண்டாம், வாக்கியம் எழுதுங்கள். தமிழிலேயே எழுதுங்கள். 'வீட்டில் தாத்தாவுடன் அரை மணி உட்காருகிறான். வகுப்பில் அவன் எழுந்து ஓடுவது கணக்கை முடித்த பிறகா, முடிப்பதற்கு முன்பா என்று தயவுசெய்து தெரிவிக்கவும்.' இது அந்த ஒன்றரை அங்குலத்துக்குள் அடங்கும். முடித்த பிறகு ஓடுகிறான் என்றால் அவனுக்கு வேலை போதவில்லை. நோட்டுப் புத்தகம் விநியோகிப்பது, கரும்பலகை துடைப்பது என்று ஏதாவது கொடுக்கச் சொல்லுங்கள், முன் பெஞ்சில் உட்கார வைக்கச் சொல்லுங்கள். 88 மார்க் வாங்குகிறவன் என்பதால் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் நான் வைத்தியன் அல்ல. முடிப்பதற்கு முன்பே எழுந்துவிடுகிறான், வீட்டிலும் சோற்றுத் தட்டை விட்டு ஓடுகிறான், ஆறு மாதமாய் இப்படித்தான் என்றால், வெட்கப்படாமல் தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். குழந்தைகள் பிரிவும் உண்டு, மனநலப் பிரிவும் உண்டு. மனநலம் என்ற பலகையைப் பார்த்து அக்கம்பக்கத்தார் என்ன சொல்வார்களோ என்று தயங்க வேண்டாம். கண் டாக்டரிடம் போவது போலத்தான் இதுவும்.

மற்ற நேயர்களுக்கு ஒரு வேலை. தஞ்சாவூர்ப் பக்கத்தில் இந்தப் பிள்ளைகளை விஷமம் என்பார்கள். அதில் விஷம் ஒன்றும் இல்லை. சமமாக இல்லாதது, மேடு பள்ளம் என்றுதான் வடமொழியில் அர்த்தம். யாழ்ப்பாணத்தில் 'குழப்படி' என்பார்கள். 'குழப்படி செய்யாதை' என்று அந்த ஊர்த் தாய்மார் அதட்டுவதைக் கேட்டால் இன்னொரு முறை குழப்படி செய்யலாமா என்று தோன்றும், அவ்வளவு இனிமை. உங்கள் ஊரில் என்ன சொல்வார்கள்? ஊர்ப் பெயரோடு ஒரு கார்டில் எழுதிப் போடுங்கள். பெண் குழந்தைக்கு வேறு வார்த்தை இருந்தால் அதைத் தனியாகக் குறிப்பிட மறக்க வேண்டாம்.